சீல் விழாத கடதாசி

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ, ஓக்லாந்தில் குளிர் தொடங்கியிருந்த ஒரு ஜூன் மாதம். அப்போது நாங்கள் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு நியூ லின்னில் ஒரு துணிக்கடையில் வேலை. கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெண்கள் தேநீர் நேரத்தில் ஐரோப்பா போய்வந்த கதையைத்தான் அளப்பார்கள். ஒருத்தி பதினொரு நாடு, இன்னொருத்தி பதினான்கு. என் கணக்கில் இலங்கையும் நியூசிலாந்தும் மட்டும். வரும் வழியில் சிங்கப்பூர் விமான நிலையத்தில் ஆறு மணித்தியாலம் குந்தியிருந்ததையும் சேர்க்கலாமா என்று யோசித்ததுண்டு.

அந்த ஜூனில் தம்பியைப் பார்க்க சுவிட்சர்லாந்துக்குப் போனேன். எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டுப் போனவன், அங்கே அகதி மனுப் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்துக்கொண்டு, ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். ஐந்து வருடம் கழித்துக் காண்கிறேன். அவன் இருந்த ஊரிலிருந்து ரைன் ஆற்றைத் தாண்டினால் லிச்சென்ஸ்டைன். இளவரசர் ஆளுகிற, ஒரே நாளில் சுற்றி முடிக்கக்கூடிய, பணம் கொழிக்கும் குட்டி நாடு. என் கணக்கில் ஒன்று கூடுகிறதே, விடுவேனா?

"அங்க பாக்க ஒண்டும் இல்லை அக்கா" என்றான். சோம்பல் என்று நினைத்தேன்.

"நான் உலகத்தின்ர மற்றப் பக்கத்தில இருந்து வந்திருக்கிறன். உனக்கு ஒரு பஸ் ஏற ஏலாதோ?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவன் மறுக்கவில்லை.

மஞ்சள் பஸ் பாலத்தைக் கடந்ததும் வேறு நாடு. சோதனைச் சாவடி இல்லை, ஒரு பொலிஸ்காரர் கூட இல்லை. தலைநகர் வாடுஸ், எங்கள் நியூ லின் கடைத்தெருவைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மலை மேலே கோட்டை. இளவரசர் குடும்பம் அங்கேயே குடியிருப்பதால் வெளியில் நின்றுதான் பார்க்கவேண்டும். சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். தபால்தலைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம். எனக்கு எல்லாமே பிடித்தது. தம்பிக்குத்தான் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மணிக்கூட்டைப் பார்ப்பான், ஒரு கார் வேகம் குறைந்தால் திரும்பிப் பார்ப்பான். படமெடுக்க நில் என்றால், "நீங்க நில்லுங்கோ, நான் எடுக்கிறன்" என்று கமராவை வாங்கிக்கொள்வான். அவனுடைய அந்தரம் என்னையும் தொற்றிக்கொண்டது. எனக்கு எரிச்சல் வேறு.

சுற்றுலா அலுவலகத்தில் பாஸ்போட்டைக் கொடுத்தால் ஞாபகத்துக்கு ஒரு சீல் குத்தித் தருவார்கள். தம்பி பஸ் நேரம் பார்க்கப் போயிருந்தான். வெயிலுக்குக் கழற்றித் தந்த அவனுடைய ஜாக்கெட் என் கையில். அதன் பைக்குள் பொலித்தீன் உறையில், எனக்கு வாசிக்கத் தெரியாத ஜெர்மனில் எழுதிய அவனுடைய அகதிக் கடதாசி இருப்பது எனக்குத் தெரியும். கிராம சேவகர் சீல், சமாதான நீதவான் சீல், தூதரகத்துச் சீல் என்று, சீல் கூடக்கூட மதிப்பும் கூடும் என்று நம்பி வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஒரு பணக்கார அரசாங்கத்தின் சீல் அந்தக் கடதாசியில் விழுந்தால், பிறகு அவனை நியூசிலாந்துக்குக் கூப்பிடும்போது உதவும் என்று நினைத்தேன். என் பாஸ்போட்டோடு அதையும் நீட்டினேன்.

கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போட்டில் குத்தினார். கடதாசியை விரித்து, சீலை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தான். மேசையில் கிடந்த கடதாசியைக் கண்டதும் அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் ஜெர்மனில் மெல்ல ஏதோ கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் சீலைக் கீழே வைத்தார். கடதாசியை மடித்து, உறைக்குள் போட்டு, என்னிடம் தராமல் அவன் கையில் கொடுத்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: இவர் சுவிட்சர்லாந்தை விட்டு வெளியேறக் கூடாது என்று இதில் இருக்கிறது, இன்றைய திகதியோடு எங்கள் சீல் விழுந்தால், வெளியேறியதற்கு நீங்களே சாட்சி கொடுத்ததாகிவிடும், நான் இந்தக் கடதாசியைப் பார்க்கவில்லை, ஒன்பது நிமிடத்தில் பஸ் இருக்கிறது.

ஜாக்கெட்டை அவனிடம் கொடுத்துவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். பஸ் பாலத்தைத் தாண்டி சுவிஸ் பக்கம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"அஞ்சு வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறியள். ஒரு பஸ் ஏற ஏலாதவன் எண்டு எப்பிடி அக்கா சொல்லுறது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

நியூ லின்னுக்குத் திரும்பியதும் தேநீர் நேரத்தில் எத்தனை நாடு பார்த்தாய் என்று கேட்டார்கள். சுவிட்சர்லாந்து மட்டும்தான் என்றேன். பல வருடம் இழுபட்டு, கடைசியில் தம்பிக்கு அங்கேயே இருக்க அனுமதி கிடைத்தது. வாடுஸில் எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நான் தனியாகத்தான் நிற்கிறேன். பழைய பாஸ்போட்டில் அந்த நாட்டுச் சீல் இன்னும் மங்காமல் இருக்கிறது, ஆனால் தம்பியின் கடதாசியில் அந்தப் பெண் குத்தாமல் விட்ட சீலுக்குத்தான் நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.