ஏழு பேரில் ‘இல்லை’ என்றவர்

புவனக்கா இறந்த செய்தி வந்தபோது நான் அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலைப் பேருந்து கடற்பாலத்தின் நடுவே வந்திருந்தது. மடியில் அவர் முகம் துடைக்கக் கேட்ட துவாய் ஒன்றும் ஒரு போத்தல் கொத்தமல்லித் தண்ணீரும் இருந்தன. கந்தசாமி அண்ணை வைத்தியசாலையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

“பிள்ளை, எங்கை நிக்கிறீர்?”

“பாலத்திலை அண்ணை.”

“அப்ப திரும்பும். புவனத்தை நாங்கள் அங்காலை கொண்டு வாறம்.”

அந்த வீதியில் நடுவழியில் இறங்கித்தான் என்ன செய்வது. யாழ்ப்பாணம் வரை போய், அதே பேருந்தில், அதே இருக்கையில் திரும்பினேன். நடத்துநர், “என்ன அக்கா, ஏதும் மறந்து போனியளோ?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கும் பலருக்கு அவர் தபாலக்கா. முப்பது வருடங்களுக்கு மேல் தீவுகளின் சிறிய உப தபாலகங்களில் இருந்து, உங்கள் பிள்ளைகளின் கடிதங்களை உங்களுக்கு முன்னரே கண்டவர். ஒன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதவர் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அவரைத் தெரிந்தது ஓய்வுபெற்ற பிறகு, ஞாயிறு காலைகளில் அவர் நடத்திய கூட்டுத் தியானத்தில்.

நான் அங்கே கடவுளைத் தேடிப் போகவில்லை. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துவிட்டு ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்பவள். நாற்பத்தைந்து வயதில் இரத்த அழுத்தம் ஏறியது. மருந்து எழுதித் தந்த வைத்தியர், கிழமையில் ஒரு மணித்தியாலமாவது பேசாமல் ஓரிடத்தில் இருக்கப் பழகச் சொன்னார். அப்படி ஓரிடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

“எனக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை அக்கா. முதலே சொல்லிப்போடுறன்.”

“எனக்கும் கிழமைக்கு நாலு நாள் இல்லை. பாயை விரியும்.”

நாங்கள் தியானத்தில் இருந்தது சரவணை ஊரில் ஒரு வீட்டில். வீட்டுக்காரர் பிரான்சில், சாவி புவனக்காவிடம். ஆறு பாய்கள், முழங்கால் வருத்தக்காரரான கந்தசாமி அண்ணைக்கு ஒரு கதிரை. சுவரில் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களின் படங்கள், உயிரோடு இருப்பவர்களும் இல்லாதவர்களும் கலந்து. கண்ணை மூடினால் முதலில் பல்லி கேட்கும். பிறகு வெளியே பனையில் காய்ந்த காவோலை உரசுவது கேட்கும். அதற்கும் பிறகு மற்றவர்களின் மூச்சு. வேறு வேலை இல்லாததால் நான் அதை எண்ணுவேன். ஏழு வரவேண்டும். சில நாட்களில் ஆறு வரும், சில நாட்களில் எட்டு வரும். கவனம் சிதறினால் எண்ணிக்கை பிழைக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

புவனக்காவுக்கு ஒரே ஒரு ஒழுங்கு இருந்தது. இருக்கும்போது கண்டதை, கேட்டதை எழும்பிய பிறகு பேசக்கூடாது. கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற கந்தசாமி அண்ணையால் அது முடியாது.

“புவனம், இண்டைக்கு நெத்திக்குள்ளை ஊதா வெளிச்சம். அப்பிடியே சுழண்டது.”

“போன கிழமை பச்சையெல்லோ அண்ணை?”

“அது போன கிழமை.”

“அடுத்த கிழமை என்ன நிறமெண்டு இப்பவே சொல்லுங்கோ. அதுக்கேத்த சீலை உடுத்துக்கொண்டு வாறன்.”

எல்லாரும் சிரித்த பிறகு அவர் சொன்னதை நான் அன்று வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். “வாறது வரட்டும் அண்ணை. பதிவுத் தபால் மாதிரிக் கையெழுத்து வைச்சு வாங்காதேங்கோ. வாங்கினா அது உங்கடை. பிறகு திருப்பி அனுப்ப ஏலாது.”

பின்னர் கொழும்பிலிருந்து ஒரு பயிற்றுநர் வந்தார். நல்ல மனிதர், மென்மையாகப் பேசினார். அனுபவங்கள் சாதனையின் படிக்கட்டுகள், குழுவாகப் பகிர்ந்தால் எல்லாருக்கும் வளரும் என்றார். இருந்து முடிந்ததும் வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவராகச் சொல்லும் வழக்கத்தைத் தொடக்கிவைத்துவிட்டுப் போனார். புவனக்கா மறுக்கவில்லை. தன் முறை வரும்போது, “எனக்கு ஒண்டும் இல்லை” என்று சொல்லி அடுத்தவரைப் பார்ப்பார். நான், “நித்திரை வந்தது” என்பேன். மற்றவர்களுக்கோ உண்மையிலேயே வளர்ந்தது. ஒருவர் மணியோசை கேட்டால் அடுத்த கிழமை இன்னொருவருக்குச் சங்கும் சேர்ந்து கேட்டது. அதில் யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வட்டத்தில் வெறுங்கையோடு இருப்பது கடினம்.

பாக்கியம் மாமியை உங்களுக்குத் தெரியும். அவருடைய மகன் சுதன் வன்னியில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். கடைசிச் சண்டையோடு காணாமற்போனான். உயிரோடு என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கனடாவில் இருக்கும் மகள் தாயைத் தன்னோடு எடுப்பதற்கு எல்லாம் செய்து, விசாவும் கிடைத்திருந்தது. புறப்படும் நாள் பார்க்க வேண்டியதுதான் மிச்சம். அந்த நாட்களில் ஒரு ஞாயிறு, வட்டத்தில் முதல் ஆளாக மாமி பேசினார்.

“அவன் எனக்குப் பக்கத்திலை வந்து இருந்தவன். அவன்ரை இழுப்புச் சத்தம் கேட்டது.”

சுதனுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சு இழுக்கும் அந்த இழுப்பு வருத்தம் இருந்தது எல்லாருக்கும் தெரியும். அடுத்திருந்த தேவி, சங்கக்கடையில் வேலை செய்யும் பிள்ளை, மெதுவாக, “நானும் கேட்டனான் மாமி” என்றாள். இருப்பிட்டியிலிருந்து வரும் கணவனும் மனைவியும் அவளுக்குப் பிறகு. கந்தசாமி அண்ணை எந்த நிறமும் சொல்லவில்லை. “நானும்” என்று மட்டும் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அவர்கள் கேட்டார்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி மட்டும்தான் எனக்குத் தெரியும். என் முறை வந்தது. மாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் ஆதாரம் கேட்டே பழகிய நான், “ஓம் மாமி. நீலச் சேட்டுப் போட்டிருந்தவன்” என்றேன். ஏன் நீலம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசி முறை புவனக்காவுடையது.

“இல்லை. நான் காணேல்லை” என்றார்.

அவ்வளவு கொடூரமான ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மாமி வீட்டிலிருந்து இன்னொரு பாய் கொண்டுவந்து தன் வலப்பக்கத்தில் விரித்தார். அதன்மேல் கடையில் வாங்கிய புதுச் சேட்டு ஒன்றை மடிப்புக் குலையாமல் வைத்தார். நீலம். புவனக்காவோடு அவர் அன்றிலிருந்து பேசவில்லை. கனடாவுக்குப் போவதில்லை என்றும் முடிவெடுத்துவிட்டார். மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, அங்கை என்ன நடக்குது? அம்மா தம்பியை விட்டிட்டு வரமாட்டன் எண்டுறா. எந்தத் தம்பி அக்கா?”

புவனக்காவிடம் போய் ஏதாவது செய்யச் சொன்னேன்.

“நான் சொன்னாக் கேப்பாவோ? நான்தானே ஒண்டும் காணாதவள்” என்றார். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் மாமியின் இடப்பக்கத்திலேயே பாயை விரித்து இருந்தார். மாமி முகத்தைத் திருப்பிக்கொள்வார். விசாவின் காலம் முடிந்துபோனது. நான் மூச்சு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எட்டு வந்துவிடும் என்று பயமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் புவனக்கா வைத்தியசாலையில் படுத்தார். ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், நாங்கள் இருவரும் தனித்திருந்தோம்.

“பிள்ளை, அண்டைக்கு நீர் கண்டனீரோ?”

“இல்லை அக்கா.”

“தெரியும். நான் கண்டனான்.”

நான் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு பொதியின் நிறையைச் சொல்வது போலச் சொன்னார். “பாக்கியத்துக்கு வலப்பக்கத்திலை. பெடியன் எண்டு தெரிஞ்சது, முகம் தெரியேல்லை. கையை ஊண்டி எழும்பப் பாத்தவன். அப்பத்தான் தேவி ‘நானும்’ எண்டாள். திரும்ப இருந்திட்டான். அடுத்த ஆள் ‘நானும்’. பிறகும் இருந்திட்டான். நீர் சொல்லேக்கை ஒரு காலை ஊண்டிக்கொண்டு நிண்டவன், பிள்ளை.”

“அப்ப ஏன் இல்லை எண்டனீங்கள்?”

“ஒராளாவது விட்டாத்தானே அவன் போகலாம்.”

“போனவனோ?”

“நான் சொல்லிப்போட்டுக் குனிஞ்சிட்டன். பாக்கேல்லை.”

மருந்தின் மயக்கம் என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் அதையும் கேட்டவர் போல, “உது நடந்தது எண்டு நான் சொல்லேல்லை. எனக்கு வந்தது, அவ்வளவுதான். உதைக் கொண்டுபோய்ப் பாக்கியத்திட்டைக் குடுக்காதேயும். உம்மடை பொய்யை மட்டும் போய்ச் சொல்லும். அது காணும்” என்றார். பிறகு துவாய் ஒன்று கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுபோனதுதான் உங்களுக்குத் தெரியுமே.

செத்தவீட்டில் பாக்கியம் மாமி பிரேதத்தின் கால்மாட்டில் காலையிலிருந்து தூக்கும்வரை இருந்தார். அழவில்லை. எட்டாம் நாள் கழிந்து, இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்ட பிறகு, அதற்குமேல் தள்ளிப்போட முடியாமல் மாமி வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் இருந்து, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவை அரிதட்டில் அரித்துக்கொண்டிருந்தார்.

“மாமி, நான் அண்டைக்குச் சொன்னது பொய். எனக்கு ஒரு சேட்டும் தெரியேல்லை, ஒராளும் தெரியேல்லை.”

அரிதட்டு நிற்கவில்லை. “அவன் நீலம் போடான் பிள்ளை. சின்னனிலையிருந்தே போடான்.”

“அப்ப ஏன் வாங்கினனீங்கள்?”

“நீங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தனீங்களே.”

அரிதட்டைத் தட்டி ஒட்டிய மாவை உதிர்த்தார். “எனக்கும் வடிவாத் தெரியேல்லை. இழுப்புக் கேட்டமாதிரிக் கிடந்தது. கேக்கவேணும் எண்ட ஆசை. வாய்விட்டுச் சொல்லிப்போட்டன். நீங்கள் ‘நானும், நானும்’ எண்ட பிறகு, பெத்தவள் நான் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

நான் அவருக்கு எதிரே நிலத்தில் இருந்தேன்.

“நீங்கள் ஆறு பேரிலை அஞ்சு பேரும் என்ரை முகத்தைப் பாத்துப் பாத்துச் சொன்னனீங்கள்” என்றார் மாமி. “புவனம் ஒருத்திதான் என்னைப் பாக்கேல்லை. எனக்கு வலப்பக்கத்திலை பாத்துக்கொண்டு இல்லை எண்டவள். அதுக்குத்தான் அவளோடை கதைக்கேல்லை. எனக்குத் தெரியாதது அவளுக்கு என்னெண்டு தெரிஞ்சது?” அரிதட்டைக் கீழே வைத்தார். “உம்மட்டை ஏதும் சொன்னவளோ?”

புவனக்கா சொன்னதைக் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டேன் என்று எண்ணித்தான் போயிருந்தேன். ஆனால் கேட்டது சுதனின் தாய். இன்னொரு பொய் என்னிடம் இருக்கவில்லை.

“ஓம்” என்றேன்.

மாமி கையை உயர்த்தினார். “இப்ப சொல்லாதேயும். நீர் எழுதத்தானே போறீர்? எழுதும். மகள் விசாவுக்குத் திரும்பக் குடுத்திருக்கிறாள். மலரைக் கொண்டுபோறன். ஏலுமெண்டா அங்கை ஒருநாள் வாசிக்கிறன். ஏலாட்டி வாசிக்கமாட்டன்.”

“போகப் போறியளோ மாமி?”

“நான் இஞ்சை இருந்தா அவனும் இஞ்சை இருக்கவேணுமெல்லோ.”

மாமி, நீங்கள் இதை எந்த ஊரில், எந்தக் குளிரில் இருந்து வாசிப்பீர்களோ எனக்குத் தெரியாது. புவனக்கா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அது நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் நம்பாதவளாகத்தான் இருக்கிறேன்; நம்பாதவர்களுக்குப் பயம் வராது என்று மட்டும் யாரும் எண்ணவேண்டாம்.

வட்டமாக அமர்ந்து பேசுவதை நிறுத்திவிட்டோம். ஞாயிறுகளில் இப்போதும் இருக்கிறோம்; சாவி என்னிடம் வந்திருக்கிறது. புவனக்கா எனக்கு விட்டுப்போனது நம்பிக்கை என்று சொன்னால் அவரே சிரிப்பார். கண்ணைத் திறந்ததும் அடுத்தவர் முகத்தில் என் பதிலைத் தேடாமல் இருப்பதை அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அது வாசிப்பவர்களுக்குச் சிறிதாகத் தோன்றலாம். கடந்த ஞாயிறு அது எனக்குத் தேவைப்பட்டது. இருந்து முடிந்து எழும்பும்போது கந்தசாமி அண்ணை என்னை உற்றுப் பார்த்து, “என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்றார். நான் யன்னல்களைச் சாத்தப் போனேன். அன்று இருந்தபோது எனக்கு ஒன்றும் இல்லை என்று இங்கே எழுதினால் அது பொய்யாகும். என்னவென்று எழுதமாட்டேன்.