டிரெஸ்ஸர் வீட்டுப் பூனைகள்

கல்யாணமாகி மலாய் நாட்டில் ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்த முதல் வாரம், என் கணவரிடம் துணிந்து கேட்ட முதல் கேள்வி இதுதான்: “ஏங்க, இங்க யாரு பூனை வாலையெல்லாம் ஒடிச்சு விட்டிருக்கிறது?”

நாகப்பட்டினத்துப் பக்கம் பூனை என்றால் வால் சாட்டை மாதிரி நீளமாக இருக்கும். இங்கே ஒன்றுக்குக் குட்டை வால், ஒன்றுக்குக் கொக்கி வால், ஒன்றுக்கு முடிச்சுப் போட்ட மாதிரி. யாரோ கொடுமைக்காரர்கள் கதவிடுக்கில் வைத்து நசுக்குகிறார்கள் என்றே நினைத்துவிட்டேன். அவர் சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“இந்த ஊர்ப் பூனையே அப்படித்தாம்மா. பொறக்கும்போதே கொக்கியோடதான் பொறக்கும்.”

அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸர். காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர்தான். எங்கள் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால். அவருக்குப் பூனை பிடிக்காது. வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கும் அப்படியொன்றும் ஆசை இல்லை.

முதல் பூனை ஆஸ்பத்திரி வழியாகத்தான் வந்தது. பால் நிறுக்கும் இடத்தில் ஒரு பூனைக்குட்டி வாளிக்குள் விழுந்துவிட்டது. பால் என்றால் ரப்பர் பால். வெளியே எடுப்பதற்குள் உடம்பெல்லாம் உறைந்து, ரப்பர் பொம்மை மாதிரி விறைத்துப்போயிருந்தது. வேலையை மேற்பார்க்கும் தண்டல் தூக்கி எறியப் போனதைப் பால்வெட்டும் பெண் ஒருத்தி பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

“ஐயா, மூச்சு இருக்குங்க. ஏதாச்சும் செய்யுங்க.”

அவர் என்னைக் கூப்பிட்டார். அவர் கத்தரிக்கோல் பிடிக்க, நான் தேங்காயெண்ணெய் தடவ, ஒரு காலை முழுவதும் போயிற்று. கடைசியில் கையில் இருந்தது மயிரில்லாத, இளஞ்சிவப்பான, கோபமான ஒரு பிராணி. மறுபடி மயிர் முளைக்கும் வரை வீட்டில் இருக்கட்டும் என்றார். மயிர் முளைத்தது. அது போகவில்லை. அதன் பிறகு, யாராவது மிதித்தது, நாய் கடித்தது, மழையில் தாயைத் தொலைத்தது எல்லாம் எங்கள் பின்வாசலுக்கு வரத் தொடங்கின.

“எங்கிட்ட வர்ற நோயாளிகள்ல பாதிப் பேருக்கு வால் இருக்கு,” என்று அலுத்துக்கொள்வார். ஆனால் கட்டுப் போடும் துணியை அளந்து வெட்டும்போது மனிதருக்கும் பூனைக்கும் அவர் வித்தியாசம் பார்த்து நான் கண்டதில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்து ஜனங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்கள் பாதி காலியாகி, ஜனங்கள் ஊருக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்குப் பின்னால் துரைமார்களும் ஏறினார்கள். எங்கள் துரைசானி ஒரு நாள் மூங்கில் கூடையோடு வந்து நின்றாள். பாதித் தமிழ், பாதி மலாய் பேசுவாள். கூடைக்குள் பஞ்சு மூட்டை மாதிரி ஒரு வெள்ளைப் பூனை. பாரசீக ஜாதி, அப்பன் பாட்டன் பெயரெல்லாம் காகிதத்தில் எழுதியிருக்கிறது என்றாள்.

“தினம் சீப்பு. மீன், முள்ளு வேணாம். வெளிய விடக்கூடாது. நான் திரும்பி வருவேன்,” என்று சொல்லி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவர் மட்டும் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வெயிலில் அந்த மயிரோடு அது பட்ட பாடு! மூன்றாம் மாதமே சீப்பு உடைந்தது. மயிர் சிக்குப் பிடித்து, தோல் வெந்துபோனதைப் பார்த்து அவரே கத்தரிக்கோலை எடுத்தார். மொட்டை அடித்ததும் பாரசீகத்தாருக்கு உயிர் வந்தது. ஜன்னலைத் தாண்டிக் குதித்து லயத்துப் பூனைகளோடு சண்டைக்குப் போனார். ஒரு காது கிழிந்தது. அதற்கு இரண்டு தையல்.

அடுத்த தோட்டத்துத் துரை புறப்பட்டபோது எங்களைக் கேட்கக்கூட இல்லை. டிரைவர் வந்து ஒரு ஜோடி சியாம் பூனைகளைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நீலக் கண், கறுப்பு முகம், குரலோ கைக்குழந்தை வீறிட்டு அழுவது போல. லயத்திலிருந்து ஓர் அம்மா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“டிரெஸ்ஸரம்மா, புள்ள அழுவுதே! யாரு புள்ளம்மா?”

எங்களுக்குக் குழந்தை இல்லை. உள்ளேயிருந்து அவர்தான் சொன்னார்: “எங்க புள்ளைங்கதான். ரெண்டும் பசிக்கு அழுவுது. உள்ள வந்து பாருங்க.” அவள் வந்து பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்படியாகப் பதினொன்று ஆனது. சாப்பாட்டு வேளையில் வீட்டில் நடக்க வழி இருக்காது.

விலை கொஞ்சம் நிமிர்ந்ததும் துரைசானி சொன்னபடியே திரும்பி வந்தாள். காரிலிருந்து இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு. “என்னோட கூச்சிங் எங்கே?” என்று பூனையை மலாயில் கேட்டாள். பாரசீகத்தார் அவள் காலடியிலேயே, மொட்டை உடம்பும் கிழிந்த காதுமாக, கருவாட்டு வாசனையோடு படுத்திருந்தார். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

செத்துப்போயிற்று என்று சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. வாயைத் திறந்தும்விட்டேன். கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

அவள் தரையில் உட்கார்ந்து ஏதோ செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரே தாவலில் மடிக்குப் போய்விட்டது. அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மூன்று வருஷம் நான் சோறு போட்டிருக்கிறேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் வந்து, “நன்றி கெட்ட கழுதை,” என்றார். பூனையைக் கழுதை என்கிறாரே என்று அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது.

நான்காம் நாள் பங்களாவிலிருந்து ஆள். பூனை எதையும் தொடவில்லையாம், என்ன கொடுத்து வளர்த்தீர்கள் என்று துரைசானி கேட்கிறாளாம். ரசச் சட்டியோடு நானே போனேன். பங்களா குசினியில் ஹைனான் சீனச் சமையல்காரர் வெள்ளைத் தட்டில் முள்ளெடுத்த மீனை வைத்துக்கொண்டு கவலையாக நின்றிருந்தார். நான் குழைந்த சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, வறுத்த நெத்திலியை நொறுக்கிப் போட்டேன். பாரசீகத்தார் தட்டை வழித்து நக்கினார். துரைசானி வாயில் கை வைத்தாள். அதன்பின் தினமும் போய் நான் ரசத்துக்கு மிளகு தட்டுவதை அந்தச் சமையல்காரர் ஒரு வாரம் கவனித்துக் கற்றுக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருஷம் தெப்ராவ் பக்கம் ஒரு தோட்டத்துக்கு எங்களுக்கு மாற்றலாயிற்று. மீதிப் பத்தையும் விட்டுவிட்டு வர இருவருக்கும் மனமில்லை. கோழிக் கூடைகளில் அடைத்து ரெங்கம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம்.

“என்னன்னு எழுதட்டும்?” என்றார் பார்சல் குமாஸ்தா.

“கோழின்னே எழுதிக்குங்க,” என்றார் பொய்யே பேசாத என் கணவர்.

அந்த நேரம் பார்த்து சியாம்காரி வீறிட்டாள். குமாஸ்தா கூடையை ஒரு பார்வை, இவரை ஒரு பார்வை பார்த்தார். “நல்லா கூவுற கோழிதான்,” என்று சொல்லி முத்திரை குத்தினார்.

புதுத் தோட்டத்துக்கு எங்களுக்கு முன்பே செய்தி போய்விட்டது. மறுநாள் காலை, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் மனைவி கிண்ணத்தோடு வந்து கதவைத் தட்டினார். “நிறையக் கோழி கொண்டாந்திருக்கீங்களாமே, ரெண்டு முட்டை கிடைக்குமா?”

கதவை முழுதாகத் திறந்து காட்டினேன். மூட்டை முடிச்சுகளின் மேல் வரிசையாகப் பத்து முகங்கள். அந்த அம்மா கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“முட்டை இல்லீங்க. காப்பி போடுறேன், உட்காருங்க,” என்றேன்.

உட்கார்ந்தார். மத்தியானம் வரை போகவில்லை.