லேபிளின் கடைசிச் சொல்

கதிர்காமத்து மருந்துக்கடையில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன். உறையில் ஒட்டிய லேபிளில் ‘காலை, இரவு, சாப்பாட்டுக்கு’ என்பதோடு வரி நின்றிருந்தது. கடைப்பெண் பேனாவால் ‘பின்’ என்று எழுதினார்.

“அது அப்படித்தாங்க வரும்.”

எனக்குத் திக்கென்றது. கடைசிச் சொல்லை விழுங்குவது நான் எழுதிய தமிழ் அச்சு லைப்ரரியின், அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பின், பழைய பிழை. எப்போதோ திருத்திவிட்டேன். அந்த லைப்ரரியை யாரும் இலவசமாக எடுக்கலாம். ஆனால் அதன் உரிமப்படி, தங்கள் மென்பொருளோடு இணைத்து விற்றால், அந்த மென்பொருளின் மூல நிரல் முழுவதையும் வாங்கியவருக்கு அதே உரிமத்தில் தரவேண்டும். கடையில் கேட்டேன், அப்படி எதுவும் தரவில்லையாம்; தந்திருந்தால் யாராவது திருத்தத்தைச் சேர்த்திருப்பார்கள்.

கடைக்கு அந்த லேபிள் மென்பொருளை விற்ற நெல்லித்தோப்பு நிறுவனத்துக்குப் போன் செய்தேன்.

“உங்க கோடுல ஒரு எழுத்தக்கூட நாங்க தொடல சார். சும்மா லிங்க் பண்ணிருக்கோம், அவ்ளோதான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொடாததுதானே வினையே!

“லிங்க் பண்ணி ஒரே ப்ரோகிராமா வித்தீங்கல்ல? அப்ப உங்க கோடும் தரணும். முடியாதுன்னா என்னுதக் கழட்டிடுங்க.”

“வக்கீல்கிட்ட கேட்டுச் சொல்றோம்” என்று வைத்துவிட்டார்.

இந்த மாதமும் அதே மாத்திரை. வரி அதே இடத்தில் நின்றிருந்தது. கடையில் வேறொருவர் இருந்தார். பேனாவை எடுத்து, ‘முன்’ என்று எழுதிக் கொடுத்தார்.