அம்மா சொன்ன சான்று

திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் அதற்கு ஒரு பக்கம் ஆரம்பித்தது நான்தான். அருப்புக்கோட்டையில் எனக்கு டீச்சர் வேலை; பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் உட்கார்ந்துவிடுவேன். கண்மாய், கோயில், பஸ் நேரம் என்று என் சொந்தப் பெயரிலேயே என்னென்னவோ எழுதி வைத்திருந்தேன்.

ஒருநாள் பார்த்தால், எங்கள் ஊர்ப் பெரிய நிலக்காரருக்கு யாரோ தனிப்பக்கம் எழுதியிருந்தார்கள். அவர் செத்து வெகுகாலம் ஆகிறது. ‘ஏழைகளின் தெய்வம்’, ‘பஞ்சத்தில் சாதி பாராமல் தன் கிணற்றை எல்லோருக்கும் திறந்துவிட்ட வள்ளல்’. எழுதியது பேரன்தான். ஓரிடத்தில் ‘எங்கள் தாத்தா’ என்று இருந்ததை மாற்ற மறந்திருந்தான்.

எங்கள் அம்மா சின்னப்பிள்ளையில் அந்தக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் மொண்டாள். அவர் கையிலிருந்த கம்பு அவள் விரலில் இறங்கியது. அந்த மோதிர விரல் இன்றைக்கும் மடங்காது. அதோடு விடவில்லை. அவளைப் பெற்றவரைக் கூப்பிட்டு, ஊர் பார்க்க அவர் கையாலேயே அவளை அடிக்கச் சொன்னார். பெற்றவரும் அடித்தார்.

நான் ‘வள்ளல்’, ‘தெய்வம்’ இரண்டையும் நீக்கினேன். விளம்பர நடை என்று எச்சரிக்கைப் பட்டை போட்டேன். கிணற்று வரியில் ‘சான்று தேவை’ என்று குறித்தேன். பேரன் அந்தப் பக்கத்தின் விவாதப் பகுதியில் தன் குடும்பம் அச்சடித்த நினைவு மலரைக் காட்டினான். குடும்பத்து மலர் நடுநிலையான சான்றாகாது என்றேன்.

“கிணறு திறக்கவில்லை என்பதற்கு உங்களிடம் சான்று உண்டா?” என்று எழுதினான்.

என்னிடம் ஒரு விரல்தான் இருந்தது. நேரில் தெரிந்ததை அங்கே எழுத முடியாது. அச்சில் வந்திருக்க வேண்டும்.

அவனுக்கு அச்சில் வந்துவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகையில் அரைப்பக்கச் செய்தி, அதில் எங்கள் அம்மாவின் படம். இரண்டு கையையும் கூப்பியிருந்தாள். ‘ஐயா கிணத்துத் தண்ணியக் குடிச்சுத்தான் நாங்க உசுரோட இருக்கோம்’ என்று அவள் சொன்னதாகப் போட்டிருந்தது. அதுவே கிணற்று வரிக்குச் சான்றாக ஏறியது.

நான் மறுத்து எழுதியதும், “இவர் அந்த அம்மாவின் மகள், சொந்தப் பகையில் திருத்துகிறார்” என்று போட்டான். உண்மையா என்று கலைக்களஞ்சியத்தின் நிர்வாகி கேட்டார். மகள்தான் என்றேன். சம்பந்தப்பட்டவர் அந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது என்று தடை போட்டார்கள். முன்பின் தெரியாத இன்னொருவர், “பெற்ற தாயையே பொய்யாக்குகிறீர்களே” என்று எழுதிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அம்மா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா அப்படிச் சொன்ன?”

“கார்ல வந்தாக. சேரக் கொண்டாந்து போட்டு உக்காருன்னாக. அவுக முன்னாடி நான் சேர்ல உக்காந்தது அன்னைக்குத்தான்.”

“அதுக்காகவா?”

“ஓம் மக என்னமோ எழுதுறாளாமேன்னாக. ஒந் தம்பி அவுககிட்டதான டிராக்டர் ஓட்டுறான்? சொல்லச் சொன்னதச் சொன்னேன்.”

“வெரலப் பத்தி யாரும் கேக்கலயா?”

“பத்திரிகைக்காரரு கேட்டாரு. கதவு நசுக்கிருச்சுன்னேன். அவுக பேரன் பக்கத்துல நின்னு சிரிச்சாக.”

“என்னையப் பொய்க்காரி ஆக்கிட்டியேம்மா” என்று கத்தினேன்.

அம்மா குழையைக் கீழே போட்டாள். “நீ எழுதலேன்னா அவுக ஏன் எம் வாசலுக்கு வாராக? எங்கப்பன் அடிச்சத மறந்து கெடந்தேன். நீ திருப்பி அந்தக் கிணத்தடியிலயே கொண்டுபோய் நிறுத்திட்ட. இப்ப அவுகளக் கும்பிட்டதயும் ஊரே பாத்திருச்சு. போ, கடேசி பஸ்ஸு போயிரும்.”

சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை.

தம்பிக்கு வேலை நிலைத்தது. அந்தப் பக்கத்தில் வள்ளலும் தெய்வமும் திரும்ப வந்துவிட்டன. எச்சரிக்கைப் பட்டையை எடுத்துவிட்டார்கள்.

போன வருஷம் என் வகுப்பில் உள்ளூர் வரலாறு எழுதிவரச் சொல்லியிருந்தோம். நரிக்குடிப் பக்கமிருந்து வரும் பிள்ளை ஒருத்தி அந்த நிலக்காரரைப் பற்றி எழுதி, எங்கள் அம்மாவின் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தாள். கீழே பத்திரிகையின் பெயரை அழகாக எழுதியிருந்தாள்.

“சான்றெல்லாம் சரியா இருக்கா மிஸ்?” என்று கேட்டாள்.

இருக்கிறது என்று சொல்லி மார்க் போட்டுக் கொடுத்தேன்.