மல்லுக்கட்டு

என் கணவன் குத்திய குத்தில் உதடு கிழிந்து இடது கண் மூடிக்கொண்டது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பீடோங்கிலிருந்து கூலிம் சிப் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் அந்த முகத்தோடு எப்படி ஏறுவது? வராததற்குக் கடிதம் கேட்டார்கள். என் ஆங்கிலம் அரைகுறை. கைப்பேசிச் செயலியிடம், தவிர்க்க முடியாத காரணத்தால் வரவில்லை என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னேன். வந்ததை அப்படியே அனுப்பினேன்.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் அக்கா கூப்பிட்டார்.

"இனிலக்டபிள்னு எழுதியிருக்கே. அப்படின்னா என்னா லா? மேனேஜருக்கே தெரியல."

"தவிர்க்க முடியாததுன்னு அர்த்தம்க்கா."

"உன் மூஞ்சியில இருக்கே, அதுவா?"

"பாத்ரூம்ல விழுந்துட்டேன்க்கா."

அவர் என் உதட்டையே பார்த்தார். "எதுனா ஒண்ணுன்னா எனக்கு மெசேஜ் போடு" என்றார்.

சாப்பாட்டு வேளையில் அந்தச் சொல்லைத் தேடினேன். லத்தீனிலிருந்து வந்ததாம். 'லுக்தாரி' என்றால் மல்லுக்கட்டுவது. அதற்கு முன்னால் 'வெளியே' என்று ஒரு ஒட்டு, அதற்கும் முன்னால் 'இல்லை' என்று இன்னொன்று. மல்லுக்கட்டியும் வெளியே வர முடியாதது. நான் எப்போது மல்லுக்கட்டினேன்? அடி விழும்போது முகத்தை மூடிக்கொள்வேன். ஓய்ந்ததும் தரையிலிருக்கும் ரத்தத்தைத் துடைப்பேன். மாமியார் அதைத் தலையெழுத்து என்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் அக்காவிடமிருந்து, 'திரும்பவும் அடிச்சானா?' என்று மெசேஜ் வந்தது. என் கணவன் கைப்பேசியைப் பிடுங்கினான்.

"யாருடி இது? வீட்டுக் கதையெல்லாம் வெளியில சொல்றியா?"

கைப்பேசி சுவரில் மோதிச் சிதறியது. முடியைப் பிடித்து என் தலையைச் சமையல் மேடையில் மோதினான். இரண்டாவது மோதலில் அவன் மணிக்கட்டு என் வாயருகே வந்தது. கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. அவன் அலறிக்கொண்டே என் சுண்டுவிரலை முறுக்கினான். எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. மறுகைக்கு மிளகாய்ச் சம்பல் இடிக்கும் கல் கிடைத்தது. அவன் முழங்காலில் ஓங்கி அடித்தேன். சரிந்து விழுந்தவன் என் கணுக்காலைப் பிடித்தான். நெஞ்சில் உதைத்து விடுவித்துக்கொண்டு, கிரில் கதவைத் திறந்து வெறுங்காலோடு படியிறங்கி ஓடினேன். கீழ்வீட்டு மலாய்ப் பெண், "மாசோக், மாசோக்!" என்று உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள்.

போலீஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் விரலுக்குக் கட்டுப் போடும்போது, நர்ஸின் போனில் அம்மாவைக் கூப்பிட்டேன். மாமியார் அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தார்.

"புருஷனைப் போய் அடிச்சியாடி?"

"ஆமாம்மா. அடிச்சேன்."

அம்மா போனை வைத்துவிட்டார்.

அவன் என்னை நெருங்கக்கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்தது. இப்போது கூலிமில் இரண்டு பெண்களோடு ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். சுண்டுவிரல் இன்னும் மடங்குவதில்லை. அன்று அவன் சரிந்து விழுந்தபோது எனக்குப் பயமில்லை, சந்தோஷமாக இருந்தது. அதைக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.