எந்த வங்கியால் அனுப்புவீர்கள்?

புதிதாகக் குடியேறியவர்களுக்கு அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்கு நான் போகத் தொடங்கியது 2006ஆம் ஆண்டு வசந்தத்தில். பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற நகர்ப்பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மகளைக் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டு நான் உட்காரும்போது பக்கத்து மேசைக்காரி எப்போதும் எனக்கு முன்னரே வந்திருப்பாள்.

அவள் காசாவிலிருந்து வந்தவள். என்னைவிடச் சில வயது மூத்தவள். கணவர் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டினார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே மொழி, அந்த வகுப்பில் அன்றன்றைக்குக் கற்றுக்கொண்ட பிரெஞ்சு மட்டுமே. அந்த உடைந்த பிரெஞ்சில் நாங்கள் பேசியதை இங்கே என்னுடைய தமிழில்தான் எழுத முடிகிறது.

காலையில் ஒவ்வொருவரும் முந்தின நாள் கேட்ட செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது ஆசிரியையின் வழக்கம். பெரும்பாலானோர் பனியையும் ஹொக்கியையும் சொல்லித் தப்பிக்கொள்வோம். அவள் மட்டும் எழுந்து நின்று சொல்வாள்: "என்ர அண்ணா மிருக வைத்தியர். அரசாங்க வேலை. சம்பளம் இல்லை." நிகழ்காலத்தைத் தவிர வேறு காலம் எங்களுக்கு அப்போது தெரியாது.

நாட்கள் போகப் போக அவளுடைய செய்தியும் நீண்டது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பாலஸ்தீனத்தில் நடந்த தேர்தலில் வென்ற கட்சியை மேற்கு நாடுகள் ஏற்கவில்லை, உதவியை நிறுத்திவிட்டன; அரசாங்க ஊழியர்களின் சம்பளமும் நின்றுபோனது. அந்த இடைவெளியை நாங்கள் நிரப்புகிறோம் என்று அரபு நாடுகளின் அமைச்சர்கள் கூடி அறிவித்தார்கள். பணமும் கெய்ரோவில் ஒரு கணக்கில் வந்து சேர்ந்தது. ஆனால் அதைக் காசாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க எந்த வங்கியும் துணியவில்லை. அமெரிக்கச் சட்டம் தங்கள் மீது பாயும் என்று பயந்தார்கள். வாக்குறுதி, முடக்கம், தூதர் என்ற சொற்களெல்லாம் பாடப்புத்தகத்துக்கு முன்பே அவள் வாயால் எங்களுக்கு வந்து சேர்ந்தன.

ஒருநாள் ருமேனியாவிலிருந்து வந்த எஞ்சினியர் பொறுமையிழந்து கேட்டார். "இது நேற்றுச் சொன்ன செய்திதானே?"

"ஓம். இண்டைக்கும் அதுதான் செய்தி" என்றுவிட்டு உட்கார்ந்தாள்.

வீட்டில் இதை நான் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "உலகத்துக் கவலையெல்லாம் உமக்கு எதுக்கு? முதல்ல பிரெஞ்சைப் படியும்."

"அதைத்தானே படிக்கிறன்" என்றேன்.

ஓகஸ்ட் மாதம் எங்கள் ஊரிலும் மீண்டும் சண்டை மூண்டது. யாழ்ப்பாணத்துக்கான தரைவழிப் பாதையை மூடிவிட்டார்கள். அங்கே தனியாக இருந்த அப்பாவை நினைத்து எனக்கு எந்தப் பாடமும் ஏறவில்லை. இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அவள் தன் பிளாஸ்கிலிருந்து ஏலக்காய் போட்ட கோப்பியை ஊற்றித் தந்தாள்.

"அப்பாவுக்கு நீங்கள் அனுப்புற காசு போய்ச் சேருதோ?"

"அது சேருது. கடையில வாங்கத்தான் சாமான் இல்லை. சீனி இல்லை, பால்மா இல்லை."

அவள் பிளாஸ்கை மூடினாள். "எங்கட பக்கம் கடையில ஏதோ கொஞ்சம் கிடக்கு. அண்ணாட கையிலதான் ஒண்டும் இல்லை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஏனென்று தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. மேலே போன யாரோ, ஏதோ பகிடி நடக்கிறதென்று நினைத்து எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

இலையுதிர் காலத்தில் 'இருந்தால், கிடைத்தால், செய்வேன்' என்ற நிபந்தனை வாக்கியங்களுக்கு வந்து சேர்ந்தோம். ஆசிரியை மேசைகளை வட்டமாகப் போடச் சொன்னார். "இன்றைக்கு ஒரு மாநாடு. நம் தோழி தினமும் சொல்கிற அந்தப் பணத்தை அனுப்பி வைப்போம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் எண்ணெய் வளமுள்ள ஒரு நாட்டின் அமைச்சர். அதற்கு அடையாளமாக ஆசிரியையின் சால்வை என் தோளில் விழுந்தது. ஹெயிட்டியிலிருந்து வந்த சமையல்காரர் எல்லை அதிகாரி. என் தோழி பாலஸ்தீன அமைச்சராக வருவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் கையை உயர்த்தி, "நான் பாங்க்" என்றாள்.

நான் எழுந்து, எங்கள் நாடு பாலஸ்தீன மக்களோடு நிற்கிறது, கேட்டதைத் தருகிறோம் என்று அறிவித்தேன். கைதட்டினார்கள்.

"மிக்க நன்றி, அமைச்சர். எந்த வங்கியால் அனுப்புவீர்கள்?" என்று கேட்டாள் அவள்.

"உங்கட வங்கியாலதான்."

"எனக்கு வருத்தமாயிருக்கு. என்னால ஏலாது."

"காசு எங்கட. நீங்கள் கொண்டுபோய்க் குடுத்தால் போதும்."

"கொண்டுபோனால் நியூயோர்க்கில என்ர கதவை மூடிப்போடுவினம்."

"அப்ப பெட்டியில போட்டுக் கையில கொண்டு போறன்" என்று என் கைப்பையைத் தூக்கினேன். ஹெயிட்டிக்காரர் பாய்ந்து வந்து அதைப் பறித்து, உள்ளே கிடந்த மகளின் காலுறையைத் தூக்கிக் காட்டினார். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் சிலர் உண்மையிலேயே அப்படிப் பெட்டியில் பணம் கொண்டுபோய் எல்லையில் நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பது எங்களில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நான் விடவில்லை. "ஆக்கள் பட்டினி கிடக்கினம். உங்களுக்கு மனம் இல்லையோ?"

அவள் மெதுவாக, சொல் சொல்லாகக் கட்டிச் சொன்னாள்: "மனம் இருக்கு. என்னட்டை வேலை செய்யிற ஆக்களும் இருக்கினம். பாங்கை மூடினால் அவையின்ர பிள்ளையளுக்கும் சம்பளம் வராது. நீங்கள் என்ர இடத்தில இருந்தால் என்ன செய்வியள், அமைச்சர்?"

ஆசிரியை பழக்கதோஷத்தில் அவளுடைய வினைச்சொல்லைத் திருத்தப் போனார். பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் தோளிலிருந்த சால்வையைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். மாநாடு அதோடு முடிந்தது.

பார்க் மெட்ரோ வரை சேர்ந்து நடந்தோம். காற்று முகத்தில் அறைந்தது. மெட்ரோ வாசலில் நின்று அவள் கேட்டாள்.

"நான் ஏன் அவ்வளவு நல்லாக் கதைச்சன்? அந்த பாங்க்காரரை ஏசுறதுக்கு எத்தினை வசனம் பாடமாக்கி வச்சிருந்தன். இண்டைக்கு அவையின்ர பக்கம் நிண்டு கதைச்சு வெண்டிட்டன்."

அன்று சமைக்கும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் நடித்தவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அமைச்சர் கொடுத்தார். வங்கி பயந்தது. அதிகாரி தன் வேலையைச் செய்தார். ஆனால் காசாவில் ஒரு மிருக வைத்தியர் இரவல் பெற்றோலில் பண்ணைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் வகுப்பு முடிந்துவிட்டது. அந்தக் கோடையில் காசாவில் தேர்தலில் வென்ற கட்சியும் தோற்ற கட்சியும் தமக்குள் மோதி, ஆட்சி இரண்டாகப் பிரிந்தது. காசா வென்ற கட்சியின் கையில், ரமல்லா மற்றதன் கையில். ரமல்லாவுக்குப் பூட்டியிருந்த கதவுகள் திறந்தன; அரபுப் பணமும் மேற்கின் பணமும் வந்தன. கொஞ்ச நாளில் பூங்காவில் அவளைக் கண்டேன். பிள்ளைகள் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாவுக்குச் சம்பளம் வந்திட்டுது" என்றாள்.

நான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவள் முகத்தில் மகிழ்ச்சி பாதிதான் இருந்தது.

"ரமல்லா ஒரு நிபந்தனை போட்டிருக்கு. காசாவில இருக்கிற அரசாங்கக் கந்தோருக்கு அவர் வேலைக்குப் போகக்கூடாது. போனால் காசாவை ஆளுற புது ஆக்களுக்கு வேலை செய்யிறதெண்டு அர்த்தமாம். வீட்டில சும்மா இருந்தால்தான் சம்பளம்."

"அப்ப என்ன செய்யிறார்?"

"வீட்டிலதான் இருக்கிறார். ஆனால் ஆடு மாடுக்கு இது விளங்குமோ? சனம் எல்லாத்தையும் வீட்டுக்கே கொண்டு வருது. அண்ணி ஒவ்வொரு நாளும் முற்றம் கழுவுறா."

அதற்குப் பிறகு அவர்கள் ஆற்றுக்கு அப்பால் இருக்கிற புரோசார்டுக்குக் குடிபோனார்கள். பனிக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் தொலைபேசியில் அழைத்தாள். அண்ணன் இன்னும் வேலை செய்கிறார் என்று யாரோ ரமல்லாவுக்குச் சொல்லிவிட்டார்களாம். சம்பளத்தை மீண்டும் நிறுத்திவிட்டார்கள்.

"ஐயோ" என்றேன். "அவர் என்ன சொல்லுறார்?"

மறுமுனையில் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"கேட்ட அடுத்தநாள் காலமை குளிச்சு, சேர்ட் போட்டு, வெளிக்கிட்டாராம். எங்கை போறியள் எண்டு அண்ணி கேட்டிருக்கிறா. 'இனி எனக்குத் தடையில்லைதானே, கந்தோருக்குப் போறன்' எண்டு சொல்லிப்போட்டு நடந்திட்டார்."