கல்யாணப் பாட்டு என்று நான் சொன்ன பொய்

நார்வே தேசத்தில், நான் இருக்கும் பெர்கன் நகரத்தில், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சத்தம் வராது. வாசலில் கொடிக்கம்பம் இருக்கும். கொடியைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். இது தெரியாமல், வந்த முதல் வருஷம், எதிர் வீட்டுக் கொடிக்கயிறு சிக்கிக்கொண்டது என்று நினைத்து, பெரிய உபகாரி மாதிரி போய்க் கொடியை உச்சிவரைக்கும் ஏற்றிவிட்டேன். கறுப்பு உடுப்புப் போட்ட ஓர் அம்மாள் வெளியே வந்து "நன்றி" என்றார். பிறகு மெதுவாகப் பாதிக்கு இறக்கினார். உள்ளே அவர் புருஷன் செத்துக் கிடந்தார் என்று மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் கடப்பாக்கத்துக் குப்பத்தில் ஒருவர் போனால் அடுத்த மூன்று குப்பத்துக்கும் அழுகை கேட்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஏழுமலை. மூன்றாம் வகுப்போடு சரி. கப்பலில் உருளைக்கிழங்கு உரிக்கப் போனவன், கோவாக்காரச் சமையல்காரர் ஒருவரிடம் கிதார் பிடிக்கப் பழகினேன். இன்றைக்குச் சுவர் சுவராக என் முகத்தை ஒட்டி, மூன்று பேர் ஜாஸ் கச்சேரி என்று டிக்கெட் விற்கிறார்கள். ஆர்னே என்பவன் ஆள் உயரத்துக்கு நிற்கும் பாஸ் பிடில் வாசிப்பான், லைஃப் என்பவன் டிரம்ஸ் அடிப்பான், நடுவில் நான். எனக்குச் சங்கீத நோட்டுப் படிக்கத் தெரியாது. நோட்டுப் படித்தவர்கள் என்னிடம் வந்து, "அந்த ஒரு சுரத்தை எப்படி இழுக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். மேல் தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து, விரலால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி இழுப்பேன். எந்தக் கல்லூரியிலும் அது கிடைக்காது. அது என் அக்கா கன்னியம்மாவின் தொண்டை.

அக்கா மீன் விற்கிறவள். அவளுடைய முதல் பிள்ளை காய்ச்சலில் போனபோது நான் கப்பலேறாத விடலை. எங்கள் குப்பத்தில் பெரியவர்கள் சாவுக்கு ஒரு மாதிரி அழுவார்கள், பிள்ளைச் சாவுக்கு வேறு மாதிரி. தாலாட்டில் எடுப்பார்கள். தூங்க வைப்பதுபோலப் பாடிக்கொண்டே வந்து, சட்டென்று குரலை ஒப்பாரியில் இறக்குவார்கள். அந்த இறக்கத்தில் கல்லும் கரையும். அக்கா அன்றைக்கு அழுத அழுகை முப்பது வருஷம் என் காதைவிட்டுப் போகவில்லை.

எனக்கும் இங்கே ஒரு பெண் பிறந்தாள். என் மனைவி இங்கர் இந்த ஊர்க்காரி, பள்ளிக்கூட டீச்சர். வயது தாண்டிப் பிறந்த பிள்ளை. ஒன்பது நாள்தான் இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நான் வாய்விட்டு அழுதேன். ஒரு நர்ஸ் ஓடி வந்தார், என்னை ஓர் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டார். யாரோ நோயாளி என்று நினைத்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வயிறு" என்றேன். ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தார், விழுங்கினேன். அதோடு என் அழுகை நின்றது. ஆறு பேர் நின்று சின்ன வெள்ளைச் சவப்பெட்டியை மழையில் குழிக்குள் இறக்கினோம். பிறகு எல்லாரும் காப்பி குடித்தார்கள். இங்கரும் அழவில்லை. அவளைப் பார்த்து நானும், நான் என்ன குறைந்தவனா என்று, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

புதைத்த பதினைந்தாம் நாள் ரெக்கார்டு எடுக்க ஸ்டுடியோவுக்குப் போனோம். தட்டில் ஒரு பாட்டுக்குப் போதுமான இடம் மிச்சம் இருந்தது. நான் யோசிக்கவில்லை, கை தானாகப் போனது. தாலாட்டில் எடுத்து, கீழே இறக்கினேன். ஆர்னே நாலைந்து சுரத்தோடு பின்னால் வந்தான். லைஃப் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே தோலைத் தடவினான். முடிந்ததும், "இது என்ன பாட்டு?" என்று கேட்டான். அவர்கள் மூஞ்சியைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் இவனும் மாத்திரை கொண்டுவருவான் என்று தோன்றியது. "எங்கள் ஊர் மீன்காரர்களின் கல்யாணப் பாட்டு" என்றேன். ரெக்கார்டு அட்டையிலும் அப்படியே அச்சடித்துவிட்டார்கள்.

அந்தப் பாட்டுத்தான் ஓடியது. ஜோடி ஜோடியாகக் கட்டிப்பிடித்து ஆடினார்கள். தங்கள் கல்யாணத்துக்கு வந்து அதை வாசிக்கச் சொல்லி நாலு பேர் கூப்பிட்டார்கள், நானும் போய் வாசித்தேன். இங்கர் அட்டையைத் திருப்பி, கல்யாணப் பாட்டு என்று போட்டிருந்ததைப் படித்தாள். எந்தத் தேதியில் பதிவானது என்று கேட்டாள். சொன்னேன். மறு வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு, வடக்கே ட்ரோம்சோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போகாதே என்று சொல்லவில்லை. மேடையில் கைதட்டு வாங்குகிறவன் வாசலில் கெஞ்சுவதா என்று ஒரு கொழுப்பு.

ரெக்கார்டில் ஒன்றைக் கப்பல் சிநேகிதன் மூலமாக அக்காவுக்கு அனுப்பினேன். கடுதாசி வைக்கவில்லை, எழுதினால் எழுத்து கோணிக்கொள்ளும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் நானே ஊருக்குப் புறப்பட்டேன். ரெக்கார்டு போடும் மெஷினையும் தூக்கிக்கொண்டேன். குப்பமே கூடி என்னைக் கேட்க வேண்டும் என்று ஆசை. செங்கல்பட்டில் பஸ் ஏறினால், கண்டக்டர் என் நீள முடியையும் கிதார் பெட்டியையும் பார்த்துவிட்டு, "மாபலிபுரம் போற வண்டி அத்தோ அங்க நிக்குது சார்" என்கிறான். "கடப்பாக்கம் போகணும்பா" என்றேன். "பரவால்லியே, தமிழ் நல்லா பேசுறியே சார்" என்று சீட்டைக் கிழித்தான்.

அக்கா வாசலில் உட்கார்ந்து சுறாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். "வாடா கப்பக்காரா" என்றாள், எழுந்திருக்கவில்லை. நான் மெஷினை இறக்கி வைத்தேன்.

"ரெக்கார்டு வந்துச்சாக்கா? கேட்டியா? வெள்ளக்காரன் வரிசையில நின்னு வாங்குறான்."

"அச்சரப்பாக்கத்துல மைக்செட்டுக் கடையில போடச் சொன்னேன். கருவாட்டுக் கூடைய எறக்கி வச்சிட்டுக் கேட்டேன்."

"எப்டி கீது?"

அக்கா கத்தியை வைத்தாள். "எத்தினி மாசத்துப் புள்ளடா?"

"எந்தப் புள்ள?"

"என்னாண்டயே மறைக்கிறியா. நான் எம் புள்ளைக்கு அழுதது அது. ஒரு இழுப்புகூட வுடாம வாசிச்சிகீற. கூட அழ ஆளில்லாம தந்திப் பொட்டிய வச்சி அழுதுகினு கீறான் பாவின்னு, நடுக் கடையில குந்திட்டேன். மைக்செட்டுக்காரன் ஓடியாந்து, இன்னாம்மா, கரண்டு கிரண்டு புடிச்சிச்சான்றான்."

"ஒம்போது நாளு" என்றேன்.

பிறகு, அந்த ரெக்கார்டு எங்கே என்று கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டு என்னைக் கூட்டிப் போனாள். ஆலம்பறைக் கோட்டைக்குப் பின்னால், பிள்ளைகளைப் புதைக்கும் மணல் மேட்டில் ஓர் இடத்தைக் காட்டினாள்.

"பொதைச்சிட்டேன். கடல்ல போயி ஒடம்பு கெடைக்காதவனுக்கு அவன் சட்டைய வச்சிப் பொதைக்கிறோமில்ல? உம் புள்ளைதுன்னு வேற இன்னா கீது என்னாண்ட? பால் ஊத்துனேன். பொண்ணா பையனான்னு உன் பொட்டி சொல்லல. ஒரு வளையலும் வச்சேன், ஒரு அர்ணாக்கவுறும் வச்சேன். எது வேணுமோ எடுத்துக்கட்டும்னு."

"பொண்ணுக்கா" என்றேன். அதற்குப் பிறகு அந்த மணலில் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்லப்போவதில்லை. கொண்டுபோன மெஷினை ஊரில் திறக்கவே இல்லை.

பெர்கன் திரும்பியதும் இங்கருக்குப் போன் போட்டேன். கப்பல் பாஷையும் பாட்டுப் பாஷையும்தான் எனக்கு வரும். அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வளையலைச் சொன்னேன்.

"உன் அக்கா பாட்டைக் கேட்டே தெரிந்துகொண்டாள்" என்றாள். "எனக்கு நீ வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். நான் அவளில்லை."

திரும்பி வருகிறாயா என்று கேட்டேன். வரமாட்டேன் என்றாள், கோபமில்லாமல். பத்து நாள் கழித்து ஒரு பொட்டலம் வந்தது. கர்ப்பமாக இருந்தபோது அவள் பின்னிய சின்னக் கம்பளிக் குல்லாய், வெள்ளையில் நீலக் கோடு. 'அங்கேயும் அவளுக்கு ஒன்று வேண்டும்' என்று சீட்டில் இருந்தது. ஊருக்கு அனுப்பிவைத்தேன்.

அக்கா தபால்காரரை எழுத வைத்துப் பதில் போட்டாள். 'குல்லா வந்துச்சு. உம் பொண்டாட்டிக்கு நம்ம ஊரு வெயில் தெரியாது போல. மேட்டுல குச்சி நட்டு மாட்டி வச்சேன், புள்ளைக்கு வேர்க்குமேன்னு எடுத்துட்டேன். இனிமே வெயில் காலத்துல வூட்டுல வச்சிக்கிறேன், மார்கழிப் பனிக்குப் போட்டு வுடறேன்.' இதை இங்கருக்குப் போனில் வரிவரியாக மாற்றிச் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போதும் மாதம் ஒரு முறை போன் செய்கிறாள். என்னைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. போன வாரம், "அங்கே, மணல் மேட்டில், இப்போது வெயிலா, பனியா?" என்றாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பெர்கனில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

"வெயில்" என்றேன்.

"அப்படியானால் அவள் தலை வெறுமையாக இருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.